ஓநாயும் ஓவியனும்

காட்டு விலங்குகளை வரையும் ஆர்வம் நம் மாணவரிடையே வளர்ந்து வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் வாரத்தில் காட்டுயிர் வாரம் கொண்டாடப்படும்போது புலியும் யானையும் மயிலும் சுவர்களை நிறைத்துவிடுகின்றன. ஓநாயை வரைவோரும் சிலர் உளர். ஆனால் அவர்கள் வரையும் ஓநாய் எந்த நாட்டது? முழுநிலவு, பனி மூடிய பாறை, அதன்மேல் நின்று கழுத்தை உயர்த்தி ஊளையிடும் சடை அடர்ந்த விலங்கு. குமரி முதல் கச்சு வரை நடந்து தேடினாலும் இக்காட்சி நமக்குக் கிடைக்காது. லடாக்கின் பனிமலைகளில் ஓநாய் உண்டு. அது வேறு இனப்பிரிவு. நம் நண்பர்கள் வரைவது கானடா நாட்டு நாட்காட்டிப் படத்தைத்தான்.

படம் அழகாய் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே என் எண்ணம். தக்காணத்து ஓநாய் நம் கண்ணெதிரே குறைந்து வருகிறது. அது குறைவதை நாம் உணராமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதன் முகமே நமக்குத் தெரியாது என்பது. தெரியாத ஒன்றை இழந்தால் யார் வருந்துவார்? விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில், தூரிகை பிடிக்கும் நண்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். திருவனந்தபுரத்தில் வந்து வாழும் தமிழர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலையாளத்தில் ‘சென்னாய’ என்றால் ஓநாய். தமிழில் செந்நாய் என்றாலோ வேறொரு விலங்கு. என் விடுதித் தோழர் ஒருவர், மலையாளி, தாம் வரைந்த ‘சென்னாய’யைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போனார். சிவந்த நாயை எதிர்பார்த்துப் போன எனக்குச் சாம்பல் நிற ஓநாயைக் காட்டினார். அரைமணி நேரம் வாதிட்டோம். இருவர் சொன்னதும் சரிதான்! போதாக்குறைக்கு, கேரளத்து மலைப்பகுதிகளில் உண்மையான செந்நாயையும் அதே சொல்லால் குறிப்போர் உளர். நம் சங்கப் பாடல்களில் பாலை நிலத்து விலங்காய் வருவது செந்நாயே. ஆகவே ‘காட்டில் நாய் பார்த்தேன்’ என்று எவரேனும் சொன்னால், நிறம் என்ன, வால் எப்படி என்று கேட்டுக்கொள்வது நலம்.

இவ்விரு விலங்குகளுக்கும் அறிவியல் முறையில் பெயர் சூட்டி விவரித்தவர் ஒருவரே. அதுவும் ஒரே ஆண்டில். பம்பாய்ப் படையில் பணியாற்றிய ஸைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1831-ஆம் ஆண்டு தக்காணத்து விலங்குகளைப் பற்றி எழுதியபோது, ஓநாய்க்குப் ‘பாலிபெஸ்’ என்று பெயரிட்டார். ‘வெளிறிய பாதம்’ என்பது அதன் பொருள். செந்நாய்க்குத் தக்காணத்தின் பெயரையே வைத்தார். ஆசியச் செந்நாயைப் பாலஸ் என்பவர் 1811-லேயே விவரித்துவிட்டபடியால் பின்னது நிலைக்கவில்லை. முன்னது நிலைத்தது. ஓவியனுக்கு அந்தப் பெயரே ஒரு பாடம்: முதுகு கருமை கலந்த மணல் நிறம், கால்களுக்கு வரவர வெளிறிய நிறம்.

இனி, ஓநாயைப் படமாக்கிய சிலரைப் பார்ப்போம். 1807-இல் லண்டனில் ‘ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்’ என்ற பெரிய நூல் வெளிவந்தது. வங்காளப் படையில் இருந்த வில்லியம்சன் எழுதியது. 40 வண்ணப்படங்கள் கொண்டது. படங்களை முடித்துத் தந்தவர் சாமுவேல் ஹோவிட். அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. வில்லியம்சன் கொடுத்த குறிப்புப் படங்களைக் கொண்டு வரைந்தார். அந்நூலில் ஓநாய்க்கு இடம் உண்டு. எப்படிப்பட்ட இடம்? ஒரு படம் ஓநாய்ப் பொறி. மற்றொன்று, ஓநாய்களின் வளையில் புகை மூட்டி அவற்றை வெளியே வரச்செய்யும் காட்சி. இங்கிலாந்தில் ஓநாய் எப்போதோ அழிந்துபோயிற்று. அந்நாட்டுச் செல்வர் இந்திய ஓநாயைப் பார்த்த தொடக்ககாலப் படங்களில், அது கொல்லப்படும் பொருளாகவே காட்சி தந்தது.

படத்தில் இருந்தது நாட்டிலும் நடந்தது. ஓநாயின் தலைக்கு அரசு பரிசுப் பணம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 2,00,000-க்கு மேற்பட்ட ஓநாய்கள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். செந்நாய்க்கும் பரிசு உண்டு. மான்களைத் தாமே வேட்டையாட விரும்பிய துரைமார்களுக்குச் செந்நாய் போட்டியாக வந்ததுதான் அதன் குற்றம்.

கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ கதைகளைப் படிக்காதவர் அரியர். 1894-இல் வந்த முதல் நூலில் மௌக்ளியை வளர்ப்பது ஓநாய்க் குடும்பம்; அன்பும் நீதியும் உடையது. 1895-இல் வந்த இரண்டாம் நூலிலோ செந்நாய்க் கூட்டம் வருகிறது. கொலைவெறி பிடித்த படையாக வருகிறது. ஒருவரே ஒன்றை உயர்த்தி, மற்றொன்றைத் தாழ்த்தினார். கதை சுவையானது, இன்றும் படிக்கலாம். ஆனால் செந்நாயை வரைய உட்காரும்போது அந்தக் கதையை மறந்துவிட வேண்டும். வாயில் இரத்தம் சொட்ட, கண்கள் தீயாய் எரியச் செந்நாயை வரையும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இனிச் சொல்லத் தேவையில்லை.

ஓநாய் ஓவியர்களில் மிகவும் விந்தையானவர் எர்னஸ்ட் தாம்ப்ஸன் ஸீட்டன். இங்கிலாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்தவர். பாரிசில் ஓவியம் பயின்றபோது, அங்குள்ள விலங்குச்சாலை ஓநாயைப் பார்த்து அவர் வரைந்த ‘உறங்கும் ஓநாய்’ 1891-இல் பாரிஸ் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டுக்கென்று அவர் வரைந்தது முற்றிலும் வேறு: காட்டில் விறகு வெட்டப் போனவனை ஓநாய்கள் தின்கின்றன, தொலைவில் அவனுடைய வீடு, அங்கே அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அதைக் கண்காட்சியார் ஏற்கவில்லை. பிறகு அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்கு, மாட்டுப் பண்ணையாருக்காக ஓநாய்களைக் கொல்லப் போனார் ஸீட்டன். லோபோ என்று பெயர் பெற்ற ஆண் ஓநாயைப் பிடிக்க எத்தனையோ பொறி வைத்தும் முடியவில்லை. அதன் துணையைக் கொன்றார்கள். துணையைத் தேடி வந்த லோபோ பொறியில் சிக்கி, 1894 தொடக்கத்தில் இறந்தது. 1898-இல் அவர் எழுதிய நூலில் அந்தக் கதையைப் படிக்கிறவன் ஓநாய்க்காக வருந்துகிறான். பொறி வைத்த எழுத்தாளர்தான் அதில் கொடியவராய்த் தெரிகிறார். தம்மையே அப்படிக் காட்டிக்கொள்ளத் துணிவு வேண்டும்.

அவர் 1896-இல் வெளியிட்ட விலங்கு உடற்கூற்று நூல், ஓவியருக்கென்றே எழுதப்பட்டது. எலும்பும் தசையும் அறிந்து வரைந்தவர் அவர். பெரும் ஓவியர்க்கு இது புதிதன்று. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்; ஓநாயின் உடற்கூற்றைக் கற்க நமக்கு எளிய வழி ஒன்று உண்டு. தெருநாய்!

காரியவட்டத்து வளாகத்திலும், நகரத்துப் பேருந்து நிலையங்களிலும் நாய்க்கா பஞ்சம்? நாய் ஓநாயின் வழிவந்தது. எனவே நாயை நூறு முறை வரைந்து பழகியவன், எந்தெந்த இடத்தில் ஓநாய் மாறுபடுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். வாலில் தொடங்குவோம். தெருநாயின் வால் மேல்நோக்கிச் சுருளும். ஓநாயின் வால் பெரும்பாலும் நேராகத் தொங்கும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் படம் நாயாகவே நிற்கும். அடுத்தது நெற்றி. நாயின் நெற்றிக்கும் மூக்கிற்கும் நடுவே ஒரு படி இறங்குவதுபோல் இருக்கும். ஓநாய்க்கு அது ஏறக்குறையச் சாய்தளம். கண் தேன் நிறம், சற்றே சாய்ந்தது. மார்பு குறுகியது, முன்னங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவைபோல் இறங்கும். கால் நீளம், பாதம் பெரிது. நடக்கும்போது தலை தோளின் மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழாகவோ இருக்கும். பின்னங்கால் முன்னங்காலின் தடத்தில் விழும். அதனால் தடம் ஒரே கோடாய்ப் போகும். அந்த நடையைப் பிடித்துவிட்டால், தொலைவில் விரல்நகம் அளவே வரைந்தாலும் ஓநாய் என்று சொல்லிவிடலாம்.

நம் ஓநாய் சிறியது என்பதையும் மறக்கலாகாது. தோள் உயரம் ஏறக்குறைய 57 முதல் 72 செண்டிமீட்டர். எடை 17 முதல் 25 கிலோ. வடநாட்டுப் பனி ஓநாய் இதைப்போல் இரு மடங்கு எடை இருக்கும். கோடையில் அதன் மயிர் மெல்லியது. விலா எலும்பு தெரியும். பலர் இதைக் கண்டு ‘பட்டினி கிடக்கும் நாய்’ என்று இகழ்வர். வெயிலில் நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடித் திரியும் விலங்குக்கு அந்த உடல்தான் பொருந்தும். சடை வைத்து வரைந்தால் சோலாப்பூர் வெயிலில் அது என்ன பாடுபடும்!

செந்நாயோ கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுச்சொத்து. பறம்பிக்குளம், பெரியாறு, இரவிகுளம், வயநாடு ஆகிய இடங்களில் உண்டு. அகத்தியமலையைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறையிலும் உண்டு. இதற்கு மூக்கு குட்டை, காது நுனி வட்டம், காதினுள் வெள்ளை மயிர், வால் புதர்போல் அடர்ந்து கறுத்தது. ஓநாய்க்கும் நாய்க்கும் பற்கள் 42, செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையின் இருபுறமும் கடைவாய்ப்பல் ஒவ்வொன்று குறைவு. பல்லை யார் எண்ணப் போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். தாடை குட்டையாவதற்கும் பல் குறைவதற்கும் தொடர்பு உண்டு. முகத்தின் வடிவமே அதனால் மாறுகிறது. மேலும், செந்நாய் ஊளையிடாது, நாயைப்போல் குரைக்காது; சீழ்க்கை அடிக்கும். காட்டில் பிரிந்துபோனவை சீழ்க்கை அடித்தே ஒன்றுகூடுகின்றன. ஊளையிடும் செந்நாயை வரைந்தால் படம் பொய் சொல்லும்.

செந்நாயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை ஒரு தமிழரே கண்டு சொன்னார். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராய் இருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை கருநாடகத்துப் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் முறையாக ஆராய்ந்த முதல் முயற்சி அதுவே என்பர். அவை பகலில் வேட்டையாடுவதையும், புள்ளிமானையே பெரிதும் உண்பதையும் அவர் குறித்தார். ஓவியனுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வீழ்ந்த இரையில் குட்டிகள் முதலில் தின்கின்றன, வளர்ந்தவை பொறுத்திருக்கின்றன. வளையை விட்டு வரமுடியாத குட்டிகளுக்கும் தாய்க்கும், மற்றவை உண்டதைக் கக்கிக் கொடுக்கின்றன. கொலைவெறி பிடித்த படை என்று கதையில் படித்தோமே, அதன் வீட்டு வழக்கம் இது. ஜான்சிங் 2024-இல் மறைந்தார். அவருடைய கட்டுரைகளில் இன்னும் வரையப்படாத படங்கள் எத்தனையோ கிடக்கின்றன.

வரையவும் எழுதவும் ஒருங்கே தெரிந்த தமிழர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல், 1996-இல் தாம் இறக்கும்வரை, கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். தம் கட்டுரைகள் பலவற்றுக்குத் தாமே மைக்கோட்டுப் படம் வரைந்தார். வண்ணமே இல்லாத அந்தச் சிறு படங்களில் விலங்கு தன் இடத்தில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பார்ப்பவனை நோக்கிப் பல்லைக் காட்டி நிற்காது. ஆயிரம் ரூபாய் வண்ணப்பெட்டி வாங்கினால்தான் வரைய முடியும் என்று எண்ணும் நண்பர்கள் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

‘தன் இடத்தில்’ என்று சொன்னேன். இதுதான் என் கட்டுரையின் உயிர்நாடி. ஓநாய்க்குப் பின்னால் என்ன வரைவது? நம் ஓநாய் அடர்காட்டு விலங்கன்று. குஜராத், இராசத்தான், மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் முதலிய பகுதிகளின் புல்வெளியும் முட்புதரும்தான் அதன் வீடு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதைக் காண்பது மிக அரிது. குஜராத்தின் வேளாவதாரில் அது வெளிமானை வேட்டையாடுகிறது. பல இடங்களில் வெளிமானே இல்லை, ஆடுதான் இருக்கிறது. அந்த நிலத்துக்கு அரசுக் கணக்கில் என்ன பெயர் தெரியுமா? தரிசு, பாழ்நிலம். நாட்டின் பாழ்நிலப் படத்தொகுதியில் முட்புதர் நிலங்கள் பாழ்நிலம் என்றே குறிக்கப்படுகின்றன. பாழ் என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே ஆலை கட்டலாம், மரம் நடலாம், மண் எடுக்கலாம், கேட்பார் இல்லை. நல்ல எண்ணத்தோடு மரம் நட்டாலும் புல்வெளி அழிந்துதான் போகும். புலிக்குக் காடு இருக்கிறது, யானைக்குக் காடு இருக்கிறது. ஓநாய்க்கென்று ஒதுக்கிய புகலிடமோ, சார்க்கண்டு மாநிலத்தில் 1976-இல் அமைந்த மகுவாடாண்டைப் போல விரல்விட்டு எண்ணத்தக்கதே.

இந்த விலங்குகள் இருப்பதால் நிலத்துக்கு என்ன பயன் என்று கேட்பார்க்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவை எடுத்துக்காட்டுவது வழக்கம். அங்கே 1926-க்குள் ஓநாய்களைக் கொன்று முடித்தார்கள். மான்கள் பெருகின; ஆற்றங்கரை மரக்கன்றுகள் தலையெடுக்கவில்லை. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 31 ஓநாய்களைக் கானடாவிலிருந்து கொண்டுவந்து விட்டபின் சில இடங்களில் மரங்கள் மீண்டும் தழைத்தன. எல்லாம் ஓநாயால் நடந்ததா, வேறு காரணமும் உண்டா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வாதம் நல்லதே. நம் நிலத்தில் கணக்கு இன்னும் எளிது: வேட்டையாடும் விலங்கு இருந்தால் மேயும் விலங்கு ஓரிடத்தில் நின்று வேரோடு மேயாது, இடம் மாறிக்கொண்டிருக்கும், கொன்று தின்ற மிச்சம் நரிக்கும் கழுகுக்கும் ஆகும். மேய்ப்பவர்க்கு ஆட்டுக்குட்டி போகும் என்பதும் அதே கணக்கில் சேரும். அதை மறைப்பது நேர்மையாகாது.

இன்னும் கசப்பான செய்தியும் உண்டு. 1996-இல் கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் ஓநாய் தாக்கிக் குழந்தைகள் பலர் இறந்தனர். 2024-இல் அதே மாநிலத்தின் பகராய்ச்சு மாவட்டத்திலும் அப்படி நடந்தது. கதவில்லாத வீடுகளில், திண்ணையில் உறங்கிய ஏழைக் குழந்தைகள். இதைப் படித்துவிட்டு, ஓநாயைத் துறவியைப்போல் வரைய என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. வரையவும் வேண்டாம். ஸீட்டனின் விறகுவெட்டிப் படமும் பொய், கண்ணீர் சொரியும் ஓநாய்ப் படமும் பொய். அத்தகைய தாக்குதல் ஒருசில கூட்டங்களோடு நிற்பது. ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் ஆட்டிடையர் தலைமுறை தலைமுறையாக ஓநாயோடு ஒரே நிலத்தில் வாழ்கின்றனர் என்பதும் உண்மை. அந்த இடையரையும் அவர் ஆட்டையும் காவல்நாயையும் சேர்த்து வரைந்தால் படம் நிறைவு பெறும்.

அந்தக் காவல்நாயைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவும். ஓநாய்க்கு இன்று துப்பாக்கியைவிட நாயே பெரும் ஆபத்தாகி வருகிறது. ஊர்நாய்களிடமிருந்து நோய் தொற்றுகிறது. கூட்டம் சிறுத்த இடத்தில் ஓநாய் நாயோடு கலந்துவிடுகிறது. பூனாவை அடுத்த புல்வெளியில் அப்படிக் கலந்து பிறந்த விலங்குகள் இருப்பது 2023-இல் மரபணு ஆய்வால் உறுதியாயிற்று. இந்திய ஓநாய் உலக ஓநாய்களுள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளை என்று 2021-இல் வெளிவந்த மரபணு ஆய்வு கூறியது. அத்தகைய கிளையில் ஏறக்குறைய 3,000 விலங்குகளே உள்ளன. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆனால் கலப்பைத் தடுக்கச் சட்டத்தால் ஆகுமா? இன்னும் சில தலைமுறையில், சுருண்ட வாலுள்ள ஓநாயை வரைவதே சரியென்று ஆகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். குழாயில் வரும் கறுப்பை ஓநாய்க்குத் தொட வேண்டாம்; மஞ்சட்காவியோடு பழுப்பும் சிறிது நீலமும் கலந்தால் முதுகின் கருமை உயிரோடு வரும். செந்நாய்க்கு வண்ணம் வாங்கவே வேண்டாம். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வெட்டுகல். கேரளத்துச் சுவரோவியர்கள் சிவப்பையும் மஞ்சளையும் அந்தக் கல்லிலிருந்தே எடுத்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்களில் இன்றும் காணலாம். கல்லைப் பொடித்து நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேல்நீரை வேறு கலத்தில் ஊற்றித் தெளியவிட வேண்டும். அடியில் படியும் நுண்பொடியை உலர்த்தி, வேப்பம்பிசின் கரைத்த நீரில் குழைக்க வேண்டும். முதல் பூச்சு உலர்ந்ததும் நிறம் வெளிறித் தோன்றும். இரண்டாம் பூச்சில் செந்நாயின் முதுகு வந்துவிடும். வயிற்றுக்கும் காதின் உட்புறத்துக்கும் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடவும்.